ஹக்கலையில் மரம் வளர்த்த பெரியார்

நுவரெலியாவிலிருந்து பதுளை வீதி வழியே ஆறு மைல் சென்றால், ஹக்கலைப் பாறையின் அடிவாரத்தே அழகிய பூங்கா ஒன்று நம்மை வரவேற்கும். சீதாபிராட்டி சிறையிருந்த அசோகவனம் இப்பகுதியே என்பது வழிவழி வந்த நம்பிக்கை. ஆதலின் சீதை அம்மன் கோயிலை வழிபட்டுப் பின்னர் இப்பூங்காவைக் காணச் செல்வது நம்மவர் வழக்கம். ஏறக்குறைய 5,500 அடி உயரத்தில், குளிர்ந்த மூடுபனிக்கிடையே, ஊசியிலை மரங்கள் பல அங்கு ஓங்கி நிற்கின்றன. அவற்றை அண்ணாந்து நோக்கி வியந்து திரும்புகின்றோம். அவை எவ்வாறு அங்கு வந்தன என்று எண்ணிப் பார்ப்பவர் நம்முள் மிகச் சிலரே.

இலங்கைக் காடுகளில் இயற்கையாய் வளரும் ஊசியிலை மரம் ஒன்றேனும் இல்லை. ஹக்கலையிலுள்ள மொன்றரே சைப்பிரசு கலிபோர்னியாவிலிருந்து வந்தது. தன் தாயகத்திலும் கடலோரத்துத் தோப்புகள் இரண்டில் மாத்திரமே அது இயற்கையாய் வாழ்கின்றது. இத்தகைய மரங்களைப் பெருக்குதல் எளிய செயலன்று. விதை முளைப்பதும் தாமதம். ஒடித்து நட்ட கிளை வேர்விடுவதும் தாமதம். அரோக்கேரியா என்னும் மரத்தின் பக்கக் கிளையை நட்டால், அது வேரூன்றிய பின்னரும் நிமிர மறுத்துப் பக்கமாகவே படரும். உச்சித் தளிரை நட்டாலே நேரிய மரமாகும். நட்டவன் அதன் முழு வளர்ச்சியைக் காண்பதும் அரிது. ஹக்கலையில் இத்தகைய பொறுமைப் பணிக்கு 1861இல் வித்திட்டவர் ஜோர்ஜ் ஹென்றி கென்றிக் துவெயிற்ஸ் என்னும் ஆங்கிலேயர்.

பிறிஸ்ரல் நகரிலே பிறந்த இவர், கணக்காளராய்த் தொழில் தொடங்கியவர். ஓய்வு நேரத்தில் நுணுக்குக்காட்டியின் துணைகொண்டு நீர்வாழ் நுண்பாசிகளை ஆராய்ந்து அறிஞரிடையே பெயர் பெற்றார். பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த கார்ட்னர் 1849இல் நுவரெலியாவில் திடீரெனக் காலமாகவே, அப்பதவி இவரை வந்தடைந்தது. முப்பதாண்டுக்கு மேல் இவர் அப்பணியில் நிலைத்தார். ஈழத்துத் தாவரங்களையெல்லாம் வகுத்துத் தொகுத்த இவரது இலத்தீன் நூல் 1858 முதல் 1864 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது.

அக்காலத்தே மலேரியாக் காய்ச்சலுக்கு அருமருந்தாயிருந்த கொயினா, தென்னமெரிக்க மலைகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைத்தது. அம்மரம் அங்கு வெட்டியழிக்கப்பட்டு வந்தமையால், மார்க்கம் என்பார் 1860இல் அங்கு சென்று விதைகளும் கன்றுகளும் திரட்டினார். இலங்கைக்கு வந்த பங்கை வளர்ப்பதற்கே துவெயிற்ஸ் ஹக்கலையைத் தேர்ந்தார். தூசு போன்ற அவ்விதையைப் புதைத்தால் முளைக்காது, வெயிலிலிட்டால் கருகும், நீர் மிகுந்தால் அழுகும். மென்மண்ணின் மேல் தூவி, நிழலமைத்து, நாள்தோறும் காத்தே கன்றாக்கினர்.

கன்றுகள் பெருகின; கொள்வார் பெருகவில்லை. கோப்பியால் செல்வம் கொழித்த துரைமார், பயன் தரப் பல்லாண்டு செல்லும் மரத்தை விரும்பினாரல்லர். லூல்கந்துரை ஜேம்ஸ் ரெயிலர் போன்ற சிலரே ஏற்று நட்டனர். துவெயிற்ஸ் சோர்ந்தாரில்லை, நாற்றுமேடையையும் கலைத்தாரில்லை.

1869இல் கோப்பி இலையில் செம்மஞ்சள் தூள் படிந்தது. நோயுற்ற இலைகளை இவர் இங்கிலாந்துக்கு அனுப்ப, அது புதியதொரு பூஞ்சணம் என்று அறிஞர் பேர்க்லி கண்டறிந்தார். அந்நோய்க்கு மருந்தில்லை. தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. காடுகளினூடே கால்நடையாய் வந்து கோப்பியை நம்பி வாழ்ந்த நம் தமிழ்த் தொழிலாளரின் அடுப்பும் அதனோடு அணையும் நிலை. அப்பொழுதுதான் துரைமார் ஹக்கலைக் கன்றுகளை நாடினர். 1880களின் நடுவில் ஆண்டொன்றுக்கு ஒன்றரைக் கோடி இறாத்தல் பட்டை ஏற்றுமதியாயிற்று. ஆனால் எல்லோரும் நட்டமையால் விலை சரிந்தது. சிங்கோனாவைப் பிடுங்கித் தேயிலையை நட்டனர். அத்தேயிலைக்கும் வித்து இவர் பூங்காவோடு தொடர்புடையதே. லூல்கந்துரையில் முதலில் ஊன்றிய தேயிலை விதைகள் பேராதனையிலிருந்து சென்றவை. 1876இல் கியூ பூங்கா அனுப்பிய 1,900க்கு மேற்பட்ட இறப்பர்க் கன்றுகளை ஏற்று, ஹெனரத்கொடையில் வளர்க்கச் செய்தவரும் இவரே.

1880இல் ஓய்வுபெற்ற துவெயிற்ஸ், 1882 செப்டெம்பர் 11ஆம் நாள் கண்டியில் மறைந்தார். மணஞ்செய்யாத அவருக்கு வழித்தோன்றல் இல்லை. மலைக்காட்டில் படர்ந்து பூக்கும் கென்றிக்கியா என்னும் கொடியினமே அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. அவர் மறைந்தபின், 1884இல், ஹக்கலை சோதனை நிலம் என்னும் நிலையிலிருந்து பூங்காவாய் மாறியது. மரத்தேவை கருதி, சைப்பிரசு முதலிய ஊசியிலை மரங்களும் அங்கு நட்டுப் பார்க்கப்பட்டன.

ஒருவர் பெயர் ஏட்டில் நின்றது. அவர் தந்த கன்றுகளுக்குத் தோட்டந்தோறும் குழி வெட்டி, மழையிலும் பனியிலும் நின்று நட்ட ஆயிரமாயிரம் கைகளின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. அவரை நினைக்கும்போது அவர்களையும் நினைத்தல் நம் கடன். கல்லூரி அமைத்த நம் முன்னோரும் இவ்வாறே, தாம் காணாத நிழலை நமக்கென நட்டுச் சென்றனர். அந்நிழலில் அமர்ந்து விழாக் கொண்டாடும் நாம், ஒரு கன்றேனும் ஊன்றிச் செல்வோமாக.