திருவாங்கூரை எண்ணிய அறிஞர் வி. நாகம் ஐயா

திருவனந்தபுரத்தில் வாழும் நாம் நன்றியுடன் நினைக்கத்தக்க பேரறிஞர்களுள் ஒருவர் வி. நாகம் ஐயா. 1850 ஆம் ஆண்டில் தோன்றி 1917 ஆம் ஆண்டில் மறைந்த அன்னார், பி.ஏ. பட்டம் பெற்றுத் திருவாங்கூர் அரசுப் பணியிற் புகுந்து திவான் பேஷ்காராக உயர்ந்தவர். எனினும் அவர்தம் புகழ் பதவியால் நிலைத்ததன்று. எண்ணாலும் எழுத்தாலும் நிலைத்ததாகும்.

நாட்டை ஆள்வோர் தம் குடிகள் எத்துணையர் என்பதை அறிந்திருத்தல் வேண்டும். திருவாங்கூரில் நெடுங்காலம் அது தெளிவாக விளங்கவில்லை. 1836 இல் எடுத்த கணக்கு 12,80,668 பேர் என்றது. 1854 இல் எடுத்த கணக்கோ 12,62,647 என்று குறைத்துக் காட்டிற்று. தெருவாக அமையாது தோட்டந்தோறும் வீடுகள் சிதறிக் கிடக்கும் நாட்டில், மலையும் காயலும் கடந்து மக்களை எண்ணுதல் எளிதன்று.

1875 ஆம் ஆண்டில் முறையான முதற் குடிக்கணக்கு எடுக்கப்பட்டது. அதன் அறிக்கையை எழுதியவர் இளைஞரான நாகம் ஐயாவே. தொகை 23,11,379. இருபத்தோராண்டில் மக்கள் ஏறக்குறைய இருமடங்காயினர் எனக் கொள்ளலாமா? கொள்ளுதற்கில்லை. பழைய கணக்குகளிற் பல்லாயிரவர் விடுபட்டனர் என்பதே பொருள். எண்ணப்படாத ஏழை, அரசின் கண்ணிற் படாத ஏழையன்றோ! 1881 இல் 24,01,158 என்றும், 1891 இல் 25,57,736 என்றும் அவர் மேற்பார்வையில் வந்த தொகைகள் சீராக ஏறிச் சென்றமை, முதற்கணக்கின் செம்மைக்குச் சான்றாகும்.

இவ்வுழைப்பின் முதிர்ந்த கனியே, ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் 1906 ஆம் ஆண்டு மூன்று பாகங்களாக ஆங்கிலத்தில் வெளிவந்த திருவாங்கூர் ஸ்டேட் மானுவல். நிலவியல், வரலாறு, சமயம், சாதி, வேளாண்மை, நிலவுரிமை, வாணிகம் யாவும் அதனுள் அடங்கும். அரசாங்க நூலாதலின் அரசர் பக்கம் நின்று பேசுமிடங்களும், அக்காலச் சாதிக் கண்கொண்டு நோக்குமிடங்களும் உண்டு. அவற்றை நாம் ஆய்ந்தே ஏற்றல் வேண்டும். ஆயினும் பின்வந்த ஆராய்ச்சியாளர் எவரும் அந்நூலைத் தொடாது மேற்சென்றாரில்லை.

1956 இல் தமிழகத்தோடு இணைந்த தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு முதலிய தாலுகாக்களும் அந்நாளில் திருவாங்கூரின் பகுதிகளே. ஆதலின் நம்முள் பலருடைய முன்னோரும் அவர் கணக்கில் ஒவ்வோர் எண்ணாக நிற்கின்றனர். நம் பிள்ளைகள் அந்நூலைப் புரட்டித் தத்தம் ஊரைத் தேடிக் காண்பார்களாயின், அதுவே நாம் அப்பெரியார்க்குச் செலுத்தும் நன்றியாகும்.