சிறையிலும் மனநிறைவு கண்ட யோசப் வாஸ் அடிகளார்

எல்கடுவையிலிருந்து வத்தேகம வழியாகக் கண்டிக்குப் போகும்போதெல்லாம் எனக்கு யோசப் வாஸ் அடிகளாரின் நினைவு வரும். அவர் சிறையிருந்ததும் கண்ணை மூடியதும் அந்த ஊரில்தான்.

1651இல் கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்க மதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். சில்லாலையில் தங்கி, இரவுகளில் மறைவாக மக்களிடம் போனார். 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேய உளவாளி என்று சந்தேகித்துச் சிறைவைத்தார்கள். விடுதலை எப்போது என்று தெரியாத அந்த நாட்களில் சிங்களம் கற்றார்; சிறை வளவிலேயே சிறு கொட்டில் போட்டுத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார். 1697இல் பெரியம்மை பரவி, நோயாளரைச் சொந்தங்களே கைவிட்டபோது, அவர்களைத் தேடிச்சென்று பராமரித்தார்.

1711 ஜனவரி 16இல் அவர் இறந்தபோதும் ஒல்லாந்தரின் தடை நீங்கவில்லை. கோவாவுக்கு அவர் திரும்பவேயில்லை. 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் சென்றார்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைக்காகக் காத்திருக்கும் தாய்மாரிடம் மனநிறைவைப் பற்றிப் பேச எனக்குக் கூச்சம் உண்டு. பொறுத்துப்போ என்று அது கேட்டுவிடக்கூடாது. அடிகளாரும் தடைக்குப் பணிந்தவரல்லர். இறைவன் வாக்கு மாறமாட்டார் என்று நம்பியதால், அது நிறைவேறும்வரை வாழ்க்கையை ஒத்திவைக்காமல் அன்றைய நாளின் வேலையை அன்றே செய்தார். நீதியைக் கேட்டுக்கொண்டே இன்றைய நாளையும் வாழலாம் என்பதை நான் அவரிடமிருந்துதான் கற்றேன்.