மகளை இழந்த தாய், மகன்களைக் கேட்ட தந்தை: அன்னி பெசன்ட்டின் இரண்டு வழக்குகள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் தம்பதி ஆதரவற்ற குழந்தையைத் தத்தெடுக்க நினைத்தாலும் சரி, அமெரிக்காவில் இருக்கும் தம்பதி இங்கிருந்து ஒரு குழந்தையைக் கேட்டாலும் சரி, இன்று 'காரா' எனும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் நடைமுறை வழியாகத்தான் வரணும். பெற்றவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாச்சே, அது போதாதா? இந்தக் கேள்வி 100 ஆண்டுகளுக்கு முன்பே சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. பிரதிவாதி, அன்னி பெசன்ட்.

1847-ல் லண்டனில் பிறந்தவர் பெசன்ட். பாதிரியாரான கணவரைப் பிரிந்தபோது, மகன் தந்தையிடம், மகள் மேபல் தாயிடம் என எழுத்துப்பூர்வமாக ஒப்பந்தம் ஆனது. ஆனால், பெசன்ட் நாத்திகரானார். 1877-ல் கருத்தடை பற்றிய புத்தகத்தை வெளியிட்டு வழக்கிலும் சிக்கினார். இப்படிப்பட்டவர் பெண் குழந்தையை வளர்க்கத் தகுதியற்றவர் என்று 1878-ல் நீதிமன்றம் முடிவு செய்தது. எட்டு வயதுகூட நிறையாத மேபல் தந்தையிடம் போனாள். கையில் இருந்த ஒப்பந்தம் உதவவில்லை. (வளர்ந்த பிறகு இரண்டு பிள்ளைகளும் அம்மாவைத் தேடி வந்தார்கள் என்பது தனிக்கதை.)

பிறகு பிரம்மஞானத்தில் ஈடுபாடு வந்து 1893-ல் இந்தியா வந்தார். 1907-ல் அந்தச் சபையின் தலைவரானார். 1909-ல் ஜிட்டு நாராயணய்யா என்ற ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர், மனைவியை இழந்தவர், மகன்களோடு அடையாறில் சபையின் பக்கத்தில் குடியேறினார். மகன்களில் ஒருவரான கிருஷ்ணமூர்த்தியிடம், வரப்போகும் உலக ஆசான் தெரிவதாகச் சபையின் லெட்பீட்டர் சொன்னார். பெசன்ட்டும் நம்பினார்.

1910 மார்ச்சில், 14 வயது கிருஷ்ணமூர்த்தி, அவருடைய தம்பி நித்யானந்தா ஆகிய இருவரின் பாதுகாவலராக பெசன்ட்டை ஏற்று நாராயணய்யா கையெழுத்திட்டார். இது தத்தெடுப்பு அல்ல, பாதுகாவல் மட்டும்தான். ஆனா வாழ்க்கை முழுக்க மாறிப்போச்சு. பெசன்ட் அவர்களைப் படிப்புக்காக இங்கிலாந்து அழைத்துப்போனார். அவரை 'அம்மா' என்றே கிருஷ்ணமூர்த்தி அழைத்தார்.

தந்தைக்கு மனம் மாறியது. லெட்பீட்டரின் நிழல்கூடப் பிள்ளைகள் மேல் படக்கூடாது என்று நினைத்தார். 1912-ல் வழக்குப் போட்டார். அவருக்காக வாதாடியவர் சி.பி.ராமசாமி ஐயர். பெசன்ட் வக்கீல் வைக்காமல் தானே வாதாடினார். லெட்பீட்டர் மீதான கடுமையான குற்றச்சாட்டு நிரூபணமாகவில்லை. ஆனாலும் பையன்களைத் தந்தையிடம் ஒப்படைக்க 1913 ஏப்ரலில் தீர்ப்பானது. மேல்முறையீட்டிலும் பெசன்ட்டுக்குத் தோல்விதான்.

ஒரு காலத்தில் ஒப்பந்தத்தை நம்பி மகளை இழந்தவர், இப்போது அதேபோன்ற ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தந்தைக்கு எதிராக நின்றார். அவர் பக்கம் நியாயம் இருந்ததா? அன்பு இருந்தது, அதில் சந்தேகமில்லை.

1914-ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பை மாற்றியது. காரணம்தான் முக்கியம். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பைத் தந்தை இன்னொருவரிடம் கொடுத்தாலும், அதைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. ஆனால், பையன்கள் இருப்பது இங்கிலாந்தில். வழக்கும் அங்கேதான் நடந்திருக்கணும். அதைவிட, அந்த இருவரின் விருப்பத்தை யாருமே கேட்கவில்லை! வழக்கு தள்ளுபடி. அதற்குள் கிருஷ்ணமூர்த்திக்கு 19 வயது.

இன்றைய சட்டத்தில் இந்த இரண்டுக்கும் இடம் இருக்கு. குழந்தையை ஒப்படைத்த பெற்றோர் மனம் மாற 60 நாள் அவகாசம் உண்டு. ஐந்து வயதைத் தாண்டிய குழந்தை என்றால் அதன் சம்மதமும் வேண்டும்.

அப்புறம் பெசன்ட் ஹோம் ரூல் இயக்கம் தொடங்கினார். 1917-ல் காங்கிரஸின் முதல் பெண் தலைவரானார். எதிர்த்து வாதாடிய சி.பி.யே அந்த இயக்கத்தில் அவரோடு சேர்ந்துகொண்டார். நாராயணய்யா 1924-ல் இறந்தார், நித்யானந்தா அடுத்த ஆண்டே காசநோய்க்குப் பலியானார். 1929-ல், தனக்காகவே உருவாக்கப்பட்ட அமைப்பைக் கிருஷ்ணமூர்த்தி கலைத்தார். உலக ஆசான் பட்டம் அதோடு போச்சு. பெசன்ட் அப்போது 80-ஐத் தாண்டியிருந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1933 செப்டம்பர் 20-ல், அடையாறில் காலமானார்.