லான் சேனி: ஆயிரம் முகங்களின் சொந்தக்காரர்



சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மேல் நம் வளாகத்தின் வராந்தாவில் நடந்தால், எந்த வீட்டில் பேய்ப்படம் ஓடுகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். திடீரென்று ஓர் அலறல், அதைத் தொடர்ந்து பிள்ளைகளின் சிரிப்பு. இந்தக் கண்றாவியைக் காசு கொடுத்துப் பார்ப்பானேன் என்று என் வயதுக்காரர்கள் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். எனக்குப் பதில் கிடைத்தது ஒரு மனிதரின் வாழ்க்கையில். பேசாப் பட காலத்தில் உலகத்தையே நடுங்க வைத்த அமெரிக்க நடிகர் லான் சேனி. ஆயிரம் முகங்கள் கொண்ட மனிதர் என்று பட்டம் பெற்றவர்.

1883 ஏப்ரல் 1 அன்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் பிறந்தார். அப்பா முடிதிருத்தும் தொழில் செய்தவர். அப்பா, அம்மா இருவருக்குமே காது கேட்காது. காது கேளாத பிள்ளைகளுக்காக அந்த ஊரில் பள்ளி தொடங்கியவர் அம்மாவைப் பெற்ற தாத்தாதான். ஆகவே வீட்டில் கையும் முகமும்தான் பேச்சு.

லான் நான்காம் வகுப்புப் படிக்கும்போது அம்மா வாத நோயால் படுத்த படுக்கையானார். பையன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவைக் கவனித்துக்கொண்டான். கடைத்தெருவுக்குப் போய் வந்ததும் அங்கே யார் எப்படி நடந்தார்கள், யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று அம்மாவுக்கு நடித்துக் காட்டுவான். கதவுக்கு வெளியே இருந்த உலகம் அந்தத் தாய்க்கு மகனுடைய முகத்தின் வழியாகத்தான் வந்து சேர்ந்தது. நடிப்புப் பயிற்சி என்று அவர் பெற்றது இதைத்தான்.

1902இல் அண்ணனோடு சேர்ந்து நாடகம் போட ஆரம்பித்து, ஊர் ஊராகச் சுற்றினார். கிளீவா என்ற பாடகியை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். 1913இல் லாஸ் ஏஞ்சலிஸில், லான் வேலை பார்த்த அரங்கிலேயே மனைவி விஷம் குடித்துவிட்டார். உயிர் தப்பியது, ஆனால் பாடும் குரல் போய்விட்டது. மணவாழ்க்கை முறிந்தது. அந்தப் பேச்சுக்குப் பிறகு நாடக உலகில் அவரால் நிற்க முடியவில்லை. பிழைப்புக்காக யுனிவர்சல் ஸ்டுடியோவில் சின்னச் சின்ன வேடங்களுக்குப் போனார். 1915இல் ஹேசல் என்பவரை மறுமணம் செய்துகொண்ட பிறகுதான் மகனையும் கூட வைத்துக்கொண்டு ஒரு குடும்பமாக வாழ முடிந்தது.

அந்த நாளில் நடிகர்களே தங்கள் ஒப்பனையைப் போட்டுக்கொள்வார்கள். லானிடம் ஒரு சின்ன ஒப்பனைப் பெட்டி இருந்தது. அதற்குள்ளிருந்து கிழவன், கொள்ளைக்காரன், கோமாளி என்று யார் வேண்டுமானாலும் வருவார்கள். 1920இல் வந்த 'தி பெனால்டி' படத்தில், சிறுவயதில் ஒரு டாக்டரின் தவறால் இரண்டு கால்களையும் இழந்தவனாக நடித்தார். தன் கால்களைப் பின்னால் மடக்கித் தோல் வாரால் இறுக்கிக் கட்டி, முழங்காலிலேயே நடந்தார். வலி தாங்காமல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கட்டை அவிழ்க்க வேண்டியிருந்தது. ஒப்பனைக் கலையில் அவருக்கு இருந்த பெயரால், பிரிட்டானிகா கலைக்களஞ்சியத்தின் 1929ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஒப்பனை பற்றி அவரைத்தான் எழுதச் சொன்னார்கள். நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவருக்கு இது சின்ன மரியாதை அல்ல.

இனி, அவருடைய இரண்டு பெரிய படங்கள். 1923இல் வந்தது 'தி ஹன்ச்பேக் ஆஃப் நோட்ர டாம்'. விக்டர் ஹியூகோவின் நாவல். 15ஆம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரத்து இருண்ட காலக் கதை. அதில் வரும் க்வாசிமோடோ, தேவாலயத்து மணியடிக்கும் கூனன். மணிச் சத்தத்திலேயே காது போனவன். ஊர் நடுவே கட்டி வைத்து அவனைச் சாட்டையால் அடிக்கிறார்கள். கூட்டம் வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறது. தண்ணீர் கேட்டுத் தவிக்கும் அவனுக்கு ஒரே ஒரு பெண் மட்டும் தண்ணீர் கொடுக்கிறாள். காது கேளாத பெற்றோரின் மகன் அந்த வேடத்தில் எதை நினைத்து நடித்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1925இல் வந்தது 'தி ஃபாண்டம் ஆஃப் தி ஆப்பெரா'. பாரிஸ் இசை அரங்கின் அடியில், கோரமான முகத்தை முகமூடியால் மறைத்துக்கொண்டு ஒருவன் வாழ்கிறான். அவன் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கும்போது, கதாநாயகி பின்னாலிருந்து முகமூடியை இழுத்துவிடுகிறாள். அந்த முகத்தை முன்கூட்டி யாருக்கும் காட்டாமல் ஸ்டுடியோ ரகசியமாக வைத்திருந்தது. மூக்கு மேலே தூக்கி, கண்கள் குழிந்து, மண்டையோடு போல இருக்கும். அன்றைய ரசிகர்கள் அரங்கில் அலறினார்கள். நானும் அந்தக் காட்சியில் திடுக்கிட்டேன். ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது வேறொன்று கண்ணில் பட்டது. அவளைவிட அவன்தான் அதிகம் பதறுகிறான். பார்க்கப்பட்டுவிட்டோமே என்ற பதற்றம்.

இந்தப் படங்கள் வந்த காலத்தையும் நீங்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போர் 1918இல்தான் முடிந்திருந்தது. குண்டு பட்டு மூக்கு, தாடை, கன்னம் இழந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினார்கள். பாரிஸில் ஆனா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, அவர்களுடைய பழைய முகத்தைப் போலவே மெல்லிய உலோக முகமூடிகள் செய்து கொடுத்தார். லண்டனுக்கு அருகே சிட்கப் என்ற ஊரில் முகச் சீரமைப்புக்கென்றே ஒரு மருத்துவமனை இருந்தது. அங்கே சாலையோர பெஞ்சுகள் சிலவற்றுக்கு நீல வண்ணம் அடித்து வைத்தார்களாம். அந்த நோயாளிகள் அதில் உட்கார்ந்திருக்கலாம், போகிறவர்கள் முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்ளட்டும் என்பதற்காக. தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே ஜனங்கள்தான் டிக்கெட் வாங்கி லான் சேனியின் முகத்தைப் பார்க்கப் போனார்கள்.

எனக்குக் கிடைத்த பதில் இங்கேதான் இருக்கிறது. வெளிச்சத்தில் பார்க்கத் துணியாததை இருட்டில், பக்கத்தில் நாலு பேர் இருக்கும் தைரியத்தில் பார்க்கிறோம். முதலில் பயம் வருகிறது. படம் நல்ல படமாக இருந்தால் அந்தப் பயத்துக்குப் பின்னால் இரக்கம் வருகிறது. இரக்கம் வராமல் அலறல் மட்டும் மிஞ்சும் படங்களும் ஏராளம். அவற்றுக்காக நான் வாதாடவில்லை.

பேசும் படம் வந்தபோது லான் கொஞ்ச காலம் தயங்கினார். 1930இல், தம்முடைய பழைய படமான 'தி அன்ஹோலி த்ரீ'யின் பேசும் வடிவத்தில் நடித்தார். கிழவி, கிளி உட்பட ஐந்து குரல்களில் பேசினார். அத்தனையும் தன் குரலே என்று சட்டப்படி கையெழுத்துப் போட்டும் கொடுத்தார். அதுவே அவருடைய முதல் பேசும் படம், கடைசிப் படமும். படம் வெளியாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை, 1930 ஆகஸ்ட் 26 அன்று புற்றுநோயால் இறந்தார். வயது 47. கடைசி நாட்களில் பேச்சு நின்றுபோய், சிறுவயதில் அம்மாவிடம் பேசிய அதே கை ஜாடையில்தான் பேசினார். ஆயிரம் முகம் கொண்டவரின் கல்லறையில் பெயர்கூடப் பொறிக்கப்படவில்லை.

ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். வங்கியில் நான் பென்ஷன் கவுண்டரில் இருந்த காலத்தில், முகமெல்லாம் தீக்காயத் தழும்போடு ஒரு அம்மா மாதாமாதம் வருவார். பாஸ்புக்கை வாங்குவேன், பதிவு போட்டுக் கொடுப்பேன், பணத்தை எண்ணித் தருவேன். கணக்கில் ஒரு பைசா தவறியதில்லை. ஆனால் அத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சங்கடப்படுத்தக் கூடாதென்று நினைத்ததாக எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீல பெஞ்சு பற்றிப் படித்த அன்றுதான், சங்கடம் யாருடையது என்று புரிந்தது.

மேலே சொன்ன இரண்டு படங்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பேரப்பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பாருங்கள். கறுப்பு வெள்ளை, வசனம் கிடையாது என்று முதல் பத்து நிமிடம் முனகுவார்கள், பிறகு அடங்கிவிடுவார்கள். படம் முடிந்ததும் எது பயமாக இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். யாரைப் பார்த்துப் பாவமாக இருந்தது என்றும் கேளுங்கள்.