டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி விட்டுச் சென்ற பணி

பெண்களைப் பீடிக்கும் நோய்களுள், நாணத்தின் காரணமாக மறைக்கப்பட்டு முற்றிவிடுவன கருப்பைக் கழுத்திலும் சூலகத்திலும் தோன்றும் புற்றுநோய்களாகும். இவற்றை இயக்கும் மரபணுக்களை இனங்கண்டு, அவற்றையே இலக்காகக் கொண்டு மருந்து தேடும் முயற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. தமிழ் மண்ணில் அத்தேடலுக்குக் களம் அமைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கல்முனை தொடக்கம் வினாயகபுரம் வரை வாழும் நமது கரையோரப் பெண்களுக்கும் அவரது வாழ்வு உணர்த்தும் செய்தி உண்டென்பதால், அதனை இங்கு நினைவுகூர விரும்புகின்றோம்.

அவர் 1886 ஜூலை 30 ஆம் திகதி புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் கல்லூரி அதிபர். தாயார் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர். பெண் கல்வி பழிக்கப்பட்ட அக்காலத்தில், எதிர்ப்புகளைத் தாண்டி ஆடவர் கல்லூரியில் பயின்றார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று 1912 இல் பட்டம் பெற்றார். சென்னைச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகி, தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக ஒளவை இல்லத்தை நிறுவினார்.

புற்றுநோய் அவரது இல்லத்திற்குள்ளேயே புகுந்து தங்கையின் உயிரைக் கவர்ந்தது. அத்துயரம் ஒரு வாழ்நாட் சங்கற்பமாயிற்று. பிழைக்க மாட்டாதவர்களுக்குத் தனி வைத்தியசாலை எதற்கு என்ற எண்ணமே அன்று ஆட்சியாளரிடம் மேலோங்கியிருந்தது. அவர் தளரவில்லை. இந்திய மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952 இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, அடையாறு புற்றுநோய் நிலையம் 1954 இல் பன்னிரண்டு கட்டில்களுடன் பணி தொடங்கியது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் இணைந்து 2021 இல் மறையும்வரை தொண்டாற்றிய டாக்டர் சாந்தாவும் அதனை வளர்த்தெடுத்தனர். முத்துலட்சுமி அம்மையார் 1968 இல் காலமானார்.

அந்த நிலையத்தை நாடி வந்த பெண்களிடையே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயே நெடுங்காலம் முன்னணியில் இருந்தது. அந்நோய்க்கு மூலகாரணம் பப்பிலோமா வைரசு. இவ்வைரசின் ஈ6, ஈ7 எனும் இரு மரபணுக்கள், கலங்களின் கட்டற்ற பெருக்கத்தைத் தடுக்கும் காவற் புரதங்களைச் செயலிழக்கச் செய்கின்றன. 2011 இல் அடையாறு ஆய்வாளர்கள், நோயின் வெவ்வேறு கட்டங்களில் மிகையாக இயங்கும் மரபணுக்களை ஆராய்ந்து வெளியிட்டனர். அவற்றுள் யூபிஈ2சி என்பது கலப்பிரிவை முன்னெடுத்துச் செல்வது. அதன் இயக்கத்தைத் தடுத்தபோது, ஆய்வுகூடத்தில் புற்றுக் கலங்களின் வளர்ச்சி குன்றியது. இது மருந்தன்று, மருந்துக்கான இலக்கு மாத்திரமே.

இலக்கு மருந்தாகும் என்பதற்குச் சூலகப் புற்றுநோய் சான்று பகர்கின்றது. பழுதடைந்த மரபணுத் தொகுதியைச் சீர்செய்ய உதவும் பிஆர்சிஏ 1, 2 ஆகிய மரபணுக்கள் 1994 இலும் 1995 இலும் இனங்காணப்பட்டன. அவை குறைபாடுற்ற புற்றுக் கலங்களை, எஞ்சியுள்ள சீர்செய்யும் வழியையும் அடைத்து அழிக்கும் ஒலபாரிப் எனும் மருந்து 2014 இல் அங்கீகாரம் பெற்றது. இடையே கழிந்தவை ஏறத்தாழ இருபது ஆண்டுகள்.

அத்தகைய காத்திருப்பு நம் பெண்களுக்கு வேண்டியதில்லை. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் தடுப்பூசி 2017 முதல் இலங்கைப் பாடசாலைகளில் தரம் 6 மாணவிகளுக்கு இலவசமாக ஏற்றப்படுகின்றது. முப்பத்தைந்து, நாற்பத்தைந்து வயதுப் பெண்களுக்குச் சுகவனிதையர் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் உண்டு. புற்றாக மாறுமுன்னரே அங்கு மாற்றத்தைக் கண்டறியலாம். தடையாக நிற்பது பணமன்று, நாணமும் அச்சமுமே.

தங்கையின் மரணத்தை விதியென்று ஏற்க மறுத்தவர் முத்துலட்சுமி அம்மையார். தமிழர், முஸ்லிம் என்ற பேதமின்றி, நமது இல்லங்களிலும் அம்மறுப்பு எழ வேண்டும். தாய்மாரையும் சகோதரிகளையும் பரிசோதனைக்கு அனுப்பிவைப்பது ஆண்களின் கடமை. பள்ளிவாசல்களும் ஆலயங்களும் மாதர் சங்கங்களும் இதனை எடுத்துரைக்க முன்வர வேண்டும். விஞ்ஞானம் எத்தனை இலக்குகளைக் கண்டறிந்தாலும், காலம் கடந்து வரும் பெண்ணை அதனால் காப்பாற்றுதல் அரிது என்பதை நாம் மறத்தலாகாது.