காதல் பாட்டை நிறுத்திய கொடுமுடி கோகிலம்

தைப்பூசத்தன்று ஈப்போ, குனோங் சீரோ கல்லுமலை ஆலயத்துக்குக் காவடிகள் வரும்போது உறுமி மேளம் கேட்டாலே கால்கள் தாமாக ஆடும். மேளம் ஓய்ந்து, ஒலிபெருக்கியில் கே.பி.சுந்தராம்பாளின் முருகன் பாட்டு எழுந்தால் ஆடிய கால்கள் நின்று கைகள் கூப்பிக்கொள்ளும். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அவர் ஔவைப் பாட்டிதான். அந்த ஔவை ஒரு காலத்தில் மேடையில் காதல் பாடிய வள்ளி!

1908-இல் காவிரிக் கரையிலுள்ள கொடுமுடியில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சுந்தராம்பாள். சிறுமியாக ரயிலில் பாடித் திரிந்தவரை அந்தக் குரலே நாடகக் கம்பெனிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அப்போது மைக் கிடையாது. கடைசி வரிசை வரை எட்டும்படி உச்சக் குரலில் பாட வேண்டும். கூட்டம் எதிர்பார்த்ததும் துள்ளலும் போட்டியும்தான்.

1920-களில் இலங்கையில் நாடகம் நடிக்கப் போன இடத்தில் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவுடன் சேர்ந்து பாடினார். 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இவர் வள்ளி, அவர் முருகன். பாட்டுக்குப் பதில் பாட்டு, கேலிக்குப் பதில் கேலி என்று கொட்டகை அதிரும். மேடைக் காதல் வாழ்க்கையிலும் தொடர்ந்தது. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர் என்பது தெரிந்தும் அவரை மணந்தார். பின்னர் மனக்கசப்பு வந்தது, பிரிவும் வந்தது. 1933-இல் கிட்டப்பா இறந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

அன்று உடுத்திய வெள்ளைச் சேலையை அவர் பிறகு மாற்றவில்லை. எந்த ஆணுடனும் ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார். புகழின் உச்சியில் இருந்த நடிகைக்கு அது பிழைப்பையே பணயம் வைப்பது போன்றது. ஆனால் 1935-இல் வந்த 'நந்தனார்' படத்தில், ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்தில், நந்தனாராக அவரே ஆண் வேடம் கட்டினார். அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! காங்கிரஸ் மேடைகளில் தேசியப் பாடல் பாடிக் கூட்டத்தைத் திரட்டியதும் அதே நாடகக் குரல்தான். 1951-இல் சென்னை சட்ட மேலவை உறுப்பினரானார்.

பக்திப் பாட்டில் அவருக்குக் கைகொடுத்தது விருத்தம். விருத்தத்துக்குத் தாளம் இல்லை. ராகத்தின் போக்கில் ஒரு சொல்லை எவ்வளவு நேரமும் நிறுத்தலாம், உருக்கலாம், சட்டென்று உயர்த்தலாம். உறுமி அடி நெருங்க நெருங்க உடலை ஓட்டும். விருத்தமோ கேட்பவரை அடுத்த சொல்லுக்காக மூச்சடக்கிக் காத்திருக்க வைக்கும். அருள் வருவது ஒன்றில், கண்ணீர் வருவது மற்றொன்றில். 1953-இல் 'ஔவையார்', 1965-இல் 'திருவிளையாடல்' என அந்த உச்சக் குரல் பாட்டியின் குரலாயிற்று. பழம் கிடைக்காமல் கோபித்து மலையேறிய முருகனை ஔவை சமாதானப்படுத்தும் காட்சியில் அதட்டலும் கெஞ்சலும் ஒரே மூச்சில் வரும். அதில் பக்தியைவிடத் தவிப்பே கூடுதல். மேடையில் அவருக்கு எதிரே முருகனாக நின்றவர் யார் என்று அறிந்தவர்களுக்கு அது வேறு மாதிரித்தான் கேட்கும்.

1970-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற சுந்தராம்பாள், 1980-இல் காலமானார்.