"சைக்ளோன்" சொல்லைத் தந்தவர். எச்சரிக்கையைக் கேட்க ஆளில்லை

புதுதில்லி: வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலம் வலுப்பெற்று, காற்றின் வேகம் மணிக்கு 62 கி.மீ.யை எட்டும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை அதைப் புயலாக அறிவிக்கிறது. அந்த அறிவிப்பின் ஆங்கில வடிவத்தில் இடம்பெறும் "சைக்ளோன்" என்ற சொல் பிறந்த இடம் கொல்கத்தா. உருவாக்கியவர் ஹென்றி பிடிங்டன். அவர் தந்த சொல்லை உலகம் ஏற்றுக்கொண்டது. அவர் விடுத்த எச்சரிக்கையை ஆங்கிலேய அரசு ஏற்கவில்லை.

கப்பலில் தொடங்கிய வாழ்க்கை: இங்கிலாந்தின் சஸ்ஸெக்ஸ் பகுதியில் 1797-ல் பிறந்த பிடிங்டன், இந்திய, சீனக் கடல்களில் சென்ற வணிகக் கப்பல்களில் பணியாற்றித் தலைமை மாலுமியாக உயர்ந்தார். 1830 வாக்கில் கடல் வாழ்வைத் துறந்து கல்கத்தாவில் குடியேறினார். நிலவியல் அருங்காட்சியகத்தின் காப்பாளராகவும், கப்பல் விபத்துகளை விசாரிக்கும் கடல்சார் விசாரணை மன்றத்தின் தலைவராகவும் பொறுப்பு வகித்தார்.

1838-ல் ராணுவப் பொறியாளர் வில்லியம் ரீட் எழுதிய நூல் அவரது கவனத்தை ஈர்த்தது. பெரும்புயலின் காற்று நேர்கோட்டில் வீசுவதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது என்பது அந்நூலின் கருத்து. அதை இந்தியக் கடல்களில் சோதித்தறிய விரும்பிய பிடிங்டன், புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்பேடுகளைத் திரட்டினார். 1839 முதல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் 20-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார்.

மொரீஷியஸ் அருகே 1845 பிப்ரவரியில் "சார்லஸ் ஹெடில்" என்ற கப்பல் புயலில் சிக்கியது. ஐந்து நாள்கள் காற்றின் போக்கிலேயே ஓடிய அக்கப்பல், புயலின் மையத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி, கிளம்பிய இடத்துக்கு அருகிலேயே வந்து சேர்ந்தது. காற்று சுழல்கிறது என்பதற்கு அதன் நாட்குறிப்பேட்டைவிடச் சிறந்த சான்று அவருக்குத் தேவைப்படவில்லை.

சொல் பிறந்தது: மாலுமிகளிடம் அப்போது காற்றுக்குப் பல சொற்கள் இருந்தன. "கேல்", "ஸ்டார்ம்", "டெம்பெஸ்ட்" ஆகியவை காற்றின் கடுமையைக் குறித்தன. கரீபியத் தீவுகளின் பழங்குடி மக்களிடமிருந்து ஸ்பானியர் வழியே வந்தது "ஹரிக்கேன்". கீழைக் கடல்களில் வழங்கியது "டைபூன்". காற்று சுழல்வதை இவற்றுள் எதுவும் சுட்டவில்லை. நேராக வீசும் கடுங்காற்றுக்கும் சுழன்றடிக்கும் புயலுக்கும் ஒரே பெயர் வழங்கியதால், மாலுமிகள் தவறான திசையில் கப்பலைச் செலுத்தும் ஆபத்து இருந்தது.

எனவே வட்டத்தையும் பாம்பின் சுருளையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து "சைக்ளோன்" என்ற சொல்லை அவர் அமைத்தார். புயலின் வடிவம் முழு வட்டமாக இல்லாவிட்டாலும் சுழற்சி உண்டு என்பதை அச்சொல் உணர்த்தியது. 1848-ல் வெளியான அவரது மாலுமிகள் கையேடு அதைப் பரப்பியது. ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகள் அந்நூலுடன் இணைக்கப்பட்டன. காற்றின் திசையைக் காட்டும் வட்டங்கள் வரையப்பட்ட அத்தகட்டைக் கடல் வரைபடத்தின் மீது வைத்து, புயலின் மையம் எங்கே என்பதை மாலுமி கணித்துக்கொள்ளலாம்.

புறக்கணிக்கப்பட்ட எச்சரிக்கை: காற்றைவிடக் கடலே அதிக உயிர்களைப் பறிக்கிறது என்பதை பிடிங்டன் அறிந்திருந்தார். கோதாவரி முகத்துவாரத்தை அடுத்த கோரிங்காவை 1789 டிசம்பரில் மூன்று பேரலைகள் அழித்ததையும், சுமார் 20 ஆயிரம் பேர் மாண்டதையும் அவர் பதிவு செய்துள்ளார்.

ஹூக்ளி ஆறு மணல் மேடிட்டுத் தூர்ந்துவிடும் என அஞ்சிய அரசு, சுந்தரவனப் பகுதியில் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் அமைக்க முனைந்தது. கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவுக்கு 1853-ல் பிடிங்டன் பகிரங்கக் கடிதம் எழுதினார். என்றேனும் ஒரு நாள் புயல் அலை திடீரென எழுந்து, குடியிருப்பு முழுவதையும் 5 முதல் 15 அடி ஆழத்தில் மூழ்கடிக்கும் என்பது அதன் சாரம்.

பலன் இல்லை. 1858 ஏப்ரலில் கல்கத்தாவில் அவர் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில், கானிங் பிரபுவின் பெயர் தாங்கி துறைமுகம் எழுந்தது. ரயில் பாதையும் வந்தது. 1867 நவம்பர் 1-ல் வீசிய புயலில் சுமார் 6 அடி உயர அலை ஊருக்குள் புகுந்து துறைமுகத்தைச் சிதைத்தது. சில ஆண்டுகளில் அது கைவிடப்பட்டது.

இதற்கு முன்பே, 1864 அக்டோபரில் கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 60 ஆயிரம் பேர் உயிரிழந்தனர். அப்பேரழிவும், அதைத் தொடர்ந்து பருவமழை பொய்த்ததால் நேர்ந்த பஞ்சங்களும் 1875-ல் இந்திய வானிலை ஆய்வுத் துறை உருவாகக் காரணமாயின.

ஒடிசாவை 1999 அக்டோபரில் தாக்கிய சூப்பர் புயலில் சுமார் 10 ஆயிரம் பேர் இறந்தனர். பெரும்பாலோரைக் கொன்றது கடல் நீரே. அதே மாநிலத்தில் 2013-ல் "பைலின்" புயல் கரை கடக்குமுன் லட்சக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டனர். உயிரிழப்பு சில பத்துகளுக்குள் அடங்கியது. மாத்லா கரையில் அரசு செவிமடுக்க மறுத்த எச்சரிக்கையின் மதிப்பை, இவ்விரு புயல்களுக்கும் இடையிலான வேறுபாடு உணர்த்துகிறது.